முப்பத்தெட்டு எச்சரிக்கைகளும் நூற்று அறுபத்தெட்டு முட்டைகளும்

2019-ஆம் வருடம், ஆகஸ்ட் 21, புதன்கிழமை, காலை மணி 9:40. வானம் மூடிக் கிடந்தது, மழை இல்லை. ஆடி முடிந்து நான்காம் நாள் ஆகியும், பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று கிணத்துக்கடவுத் தென்னைகளைப் பிடித்து உலுக்குவதை விடவில்லை. அந்த நேரத்தில், என் தங்கை சரசுவின் வீட்டில், சமையலறைக்கு அடுத்த அறையில், நூற்று அறுபத்தெட்டு முட்டைகளைக் கொல்லப்போகும் பொத்தானை நான் அமுக்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். (எல்லோரும் என்றால் மூன்று பேர். அதில் ஒருவன் நான்.)

எனக்கு ஒரு வியாதி உண்டு. எண்ணுவேன். துடியலூரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் மின்கம்பம் பத்தொன்பது. என் மனைவி ருக்மணி ஒரு தோசைக்குக் கரண்டியைச் சுற்றுவது ஆறு சுற்று. கோபமாக இருந்தால் நான்கு. என் மாமனார் இறந்த அன்று வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணினேன். இருநூற்றுப் பதிமூன்று வந்தது. ஒற்றைப்படை எப்படி வரும் என்று மறுபடி எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் கொள்ளி வைக்க என்னைத் தேடியிருக்கிறார்கள். முப்பத்தைந்து வருடமாக ருக்மணி இதை ஒரு கல்யாணம் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த ஒற்றைச் செருப்பு யாருடையது என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

இந்த வியாதியை வைத்தே முப்பத்து நான்கு வருடம் சம்பளமும் வாங்கினேன். நூற்பாலை இயந்திரங்களுக்கு மின்னணுப் பலகை செய்யும் ஒரு தொழிற்சாலையில் நிரல் எழுதும் பிரிவுக்குத் தலைவன் நான். நாங்கள் எழுதியது டிரைவர் நிரல்: சிப்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் நின்று, இப்போது ஓடு, இப்போது நில் என்று மோட்டாரை ஏவுகிற சிறு நிரல். எழுதியதைக் கம்பைலரிடம் கொடுத்தால் அது சிப்புக்குப் புரிகிற மொழியில் மாற்றித் தரும். நாம் பெரிய தப்புச் செய்திருந்தால் ‘பிழை’ என்று சொல்லி மாற்ற மறுத்துவிடும். சந்தேகம் மட்டும் என்றால் ‘எச்சரிக்கை’ என்று ஒரு வரி எழுதிக் காட்டும். எனக்கென்னவோ சரியாகப் படவில்லை, அப்புறம் உங்கள் இஷ்டம் என்று பணிவாகச் சொல்லிவிட்டு, வேலையையும் முடித்துக் கொடுத்துவிடும். கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்ததோ என்று நினைக்கிற அளவுக்கு மரியாதை.

எங்கள் பிரிவில் அந்த எச்சரிக்கைகளை யாரும் படிப்பதில்லை. சிப் தயாரிப்பவர்கள் கூடவே தருகிற கோப்புகள் அரதப் பழசு. எங்கள் பழைய நிரல்களும் அப்படியே. எதை எழுதினாலும் திரை நிறைய எச்சரிக்கை கொட்டும், ஒன்றாலும் ஒரு கெடுதலும் வராது. ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்தெட்டு. அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன்: கடைசி வரியில் முப்பத்தெட்டு என்று வந்தால் டீ குடிக்கப் போகலாம், முப்பத்தொன்பது என்றால் என்னிடம் வரவேண்டும். இந்தச் சட்டத்தில் எனக்கு அப்படி ஒரு பெருமை. ஓய்வு பெற்ற பிறகும் அதே சிப், அதே கோப்புகள், ஆகவே வீட்டிலும் அதே முப்பத்தெட்டு.

இனி சரசு. என்னைவிட ஐந்து வயது இளையவள், அப்போது அறுபத்தொன்று. கணவர் போய் மூன்று வருடமாகத் தனியாக இருந்தாள். அந்தச் சித்திரையில் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வரும்வரை நான்கு மணி நேரம் எழ முடியாமல் கிடந்திருக்கிறாள். அவள் மகன் கார்த்தி பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருப்பவன், மறுநாளே வந்து மாடுகளை விற்றான். தன் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னான். அவள் அசையவில்லை. கோழி வளர்க்கிறேன், குஞ்சு பொரித்து விற்கிறேன், உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலைதானே என்றாள். மூன்று நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு, நான் கூடத்தில் இருக்கும்போதுதான் பேச்சு முடிந்தது.

“செரிம்மா. மொதத் தடவையே நூறு குஞ்சு பொரிச்சுக் காட்டு. நானே ஷெட்டு போட்டு, கூடமாட இருக்க ஒரு ஆளும் போட்டுத் தாரேன். நூறுக்கு ஒண்ணு கொறைஞ்சாலும் தீவாளி முடிஞ்சு எங்கூட வந்தறோணும்.”

“நூறென்னடா நூறு? எங்கண்ணன் பொட்டி செய்யறாரு. நூத்தம்பது வரும், பாரு!”

கார்த்தி என்னைப் பார்த்தான். “மாமா, நீங்க சாட்சி.”

“சாட்சி எதுக்கு மாப்ள? நானே எண்ணித் தாரேன்” என்றேன்.

ஆக, அவள் சொந்த வீட்டில் இருப்பதா, ஒன்பதாவது மாடியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவதா என்பது என் கையில் வந்து சேர்ந்தது.

அடைகாக்கிற கோழி சூடு மட்டும் தருவதில்லை. அலகால் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் உள்ளே வளரும் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துவிடும். நான் செய்த குஞ்சு பொரிக்கும் பெட்டியில் அந்த வேலையைச் செய்வது ஒரு சிறு மோட்டார். மணிக்கு ஒருமுறை முட்டைத் தட்டுகளை ஒரு பக்கமிருந்து மறு பக்கம் சாய்க்க வேண்டும். பதினெட்டு நாள் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். கடைசி மூன்று நாள் அசைக்காமல் விட்டால் இருபத்தோராம் நாள் குஞ்சு வரும். அந்த மோட்டாருக்கு டிரைவர் எழுதினேன். பதினெட்டு நாள் என்பது 432 மணி நேரம். 432 என்று போட்டு, ஒரு முட்டையும் வைக்காமல் வெறும் பெட்டியை எங்கள் வீட்டில் இருபத்தொரு நாள் ஓட்டிப் பார்த்தேன். கச்சிதமாக ஓடி, கச்சிதமாக நின்றது.

“காலிப் பொட்டிய அடை காக்கற ஒரே மனுசன் நீங்கதான்” என்றாள் ருக்மணி.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சரசு போன் செய்தாள். காலண்டரில் பார்த்தாளாம், மறுநாள் 9:40-க்கு முட்டை வைத்தால் நல்லது என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் நிரல் கடிகாரத்தில் முழு மணி அடிக்கும்போது எண்ணுவது. 9:40-க்கு வைத்தால் பதினெட்டாம் நாள் ஒன்பது மணிக்கே நின்றுவிடும். நாற்பது நிமிடப் பிழை! எந்தக் கோழியும் கவலைப்பட்டிருக்காது. நான் கவலைப்பட்டேன். உடனே உட்கார்ந்து, மணிக் கணக்கை நொடிக் கணக்காக மாற்றினேன். பதினெட்டு நாளுக்குப் பதினைந்து லட்சத்து ஐம்பத்தையாயிரத்து இருநூறு நொடி. 432 இருந்த இடத்தில் 1555200 என்று அடித்தேன். அடிக்கும்போதே ஒரு சந்தோஷம். போகிற போக்கில், என் நிரலில் எதற்கும் பயன்படாமல் கிடந்த ஒரு வரி கண்ணில் பட்டது. அதையும் நீக்கிச் சுத்தம் செய்தேன். கம்பைலரை ஓட்டினேன். கடைசி வரியைப் பார்த்தேன்.

முப்பத்தெட்டு.

காப்பி குடிக்கப் போனேன்.

மறுநாள் முட்டைகளுக்கெல்லாம் பென்சிலால் ஒன்றிலிருந்து நூற்று அறுபத்தெட்டு வரை எண் போட்டேன். (“பேரும் வெச்சறலாமுங்களே” என்றாள் ருக்மணி.) சாயங்காலம் 5:40 வரை பெட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எட்டு முறை தட்டு சாய்ந்தது, எட்டையும் எண்ணினேன். பிறகு, ‘திறக்கக் கூடாது. சூடு இறங்கிவிடும். – அண்ணன்’ என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் பஸ் ஏறினோம்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

“ஏனுங்ணா, மோட்டாரு சத்தமே கேக்குலீங்களே?”

“மணிக்குப் பத்து செகண்டுதான் ஓடும் கண்ணு. நீ அடுப்படில இருந்திருப்ப.”

“அப்படீங்களா? செரிங்ணா.”

ஏழாம் நாள் மறுபடி.

“ணா, நேத்துக் காத்தால தட்டு இக்கட்டச் சாஞ்சிருந்துச்சுங். இன்னைக்குக் காத்தாலயும் இக்கட்டத்தான் இருக்குது. கண்ணாடியில ஆவி மூடி, செரியாவும் தெரீலீங். சித்த கதவத் தொறந்து பாக்கட்டுங்களா?”

இங்கேதான் என் அறிவு உச்சத்துக்குப் போனது. “இங்க பாரு அம்மணி. மணிக்கு ஒருக்கா. ஒரு நாளைக்கு இருபத்தி நாலு. இருபத்தி நாலு ரெட்டைப்படை. தெனம் ஒரே நேரத்துல பாத்தீன்னா ஒரே பக்கந்தான் சாஞ்சிருக்கும். கணக்குப்படி செரி.”

“கணக்கு எனக்கென்னங்ணா தெரியும். நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருங்களே.”

“செரியா ஓடற மெசினப் பாக்க முப்பத்தி மூணு கிலோமீட்டர் வரோணுமா?”

வேறு வேளையில் பார் என்றாவது நான் சொல்லியிருக்கலாம். கணக்கில் ஜெயித்த சந்தோஷத்தில் அது தோன்றவில்லை.

பத்தாம் நாள், “நான் வேணா கையில திருப்பி உடட்டுங்களா? கோழி திருப்பறாப்புல?” என்றாள்.

“நான் சிப்பு போட்டுச் செஞ்சு தாரேன், நீ கையில திருப்பறேங்கற!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். எங்கள் வீட்டில் அண்ணன் சத்தம் போட்டால் தங்கை எதிர்த்துப் பேசுவதில்லை. அவளும் பேசவில்லை. கதவையும் தொடவில்லை. என் கையெழுத்தல்லவா ஒட்டியிருந்தது!

பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை 9:40-க்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ருக்மணியிடம் சொன்னேன்: “இப்ப நின்னிருக்கும். ஒரு செகண்டு முன்னப் பின்ன இருக்காது.”

இருபத்தோராம் நாள் எல்லோரும் கிணத்துக்கடவில் கூடினோம். கார்த்தியும் விடுப்பு எடுத்து வந்திருந்தான். அன்று மட்டும் கதவைத் திறக்க அனுமதி தந்தேன். பகல் பதினொன்றேகாலுக்கு 42-ஆம் எண் முட்டை விரிந்தது. “ஒண்ணு!” என்று கத்தினேன். கார்த்திகூடக் கைதட்டினான். அவனுக்குத் தோற்க ஆசை என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு 17, பிறகு 103. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து. பொழுது இறங்கும்போது பதினொன்று. அதற்குப் பிறகு என் எண்ணிக்கை நகரவில்லை. மறுநாள் பூராவும் நகரவில்லை. வந்த பதினொன்றில் நான்குக்குக் கால் மடங்கியிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் சரசு ஒரு முட்டையை எடுத்து மெதுவாக உடைத்தாள். இறகு முளைத்த முழுக் குஞ்சு, ஓட்டோடு ஒட்டிக் கிடந்தது. இன்னொன்றை உடைத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுத்தவள் உடைக்காமல் திரும்ப வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

கார்த்தி என் மடிக்கணினியைக் கேட்டான். நிரலைத் திறந்து கம்பைலரை ஓட்டினான். திரை நிறைந்தது.

“மாமா, இத்தனை வார்னிங் வருதுங்களே?”

“முப்பத்தெட்டு மாப்ள. அது எப்பவும் வரும்.”

“எண்ணுனீங்க செரி. படிச்சீங்களா?”

அவன் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தான். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவன், முப்பத்தொன்றாவதில் நின்றான்.

“இது சிப்பு கம்பெனியோடது இல்லீங்க. உங்களுது. நூத்திப் பன்னெண்டாவது வரி. ‘எண் பெருசா இருக்குது, குடுத்த எடத்துல கொள்ளல, வெட்டித்தான் வெச்சேன்’னு சொல்லுதுங்க.”

எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. 432 இருந்த இடம் சின்ன இடம். அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து வரைதான் தாங்கும். சொம்பில் அண்டாத் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். வழிந்தது போக மீதி நின்றது நாற்பத்தேழாயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு. பதினெட்டு நாள் சாய்க்க வேண்டிய மோட்டார், பதின்மூன்று மணி பதினேழு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடியில் நின்றுவிட்டது. ஓடிய நேரத்தை வேறொரு பெரிய இடத்தில் சரியாக எண்ணிக்கொண்டிருந்ததால், பெட்டியின் முகப்பில் எத்தனையாவது நாள் என்று காட்டும் எண் மட்டும் தினமும் ஒழுங்காக மாறியிருக்கிறது. முதல் நாள் ராத்திரி நாங்கள் தூங்கிய பிறகு ஒரு முட்டைகூடப் புரளவில்லை.

“அப்பறம் முப்பத்தொம்பதில்ல வந்திருக்கோணும்?” என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் கேட்கத் தோன்றியது. கார்த்தி பழைய கோப்பை எடுத்து ஒப்பிட்டான். நான் சுத்தம் செய்து நீக்கிய அந்தப் பயன்படாத வரிக்கு ஒரு எச்சரிக்கை இருந்திருக்கிறது. அது போனது ஒன்று, இது வந்தது ஒன்று. கூட்டுத்தொகை மாறவில்லை. அதைச் சரி செய்ய, இடத்தைப் பெரிதாக்க ஒரு சொல், எண்ணின் பின்னால் இரண்டு எழுத்து. கார்த்தி நாற்பது நொடியில் முடித்தான். மறுபடி ஓட்டியபோது முப்பத்தேழு.

“என்னடா சொல்லுது அது?” என்று சுவரோரமிருந்து கேட்டாள் சரசு.

“மொத நாளே சொல்லியிருக்குதும்மா. மாமா கேக்கல.”

“நானுந்தான் சொன்னேன்” என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். சிரிப்புக்கு என்ன சொல்வது?

“இன்னொருக்கா வெப்போம் மாப்ள. இப்ப செரியாயிருச்சு. தப்பு என்னுது, அவளுது இல்ல” என்றேன். கார்த்தியும் இறங்கித்தான் வந்தான். “அம்மா, வேணுமின்னா இன்னொரு தடவ பாக்கலாம். நான் ஒண்ணும் சொல்லல” என்றான்.

அவள் தலையாட்டினாள். “வேண்டாங்ணா. நூறுக்கு நானுந்தான் ஒத்துக்கிட்டேன், சொன்னது சொன்னதுதான். அதுமில்லாம நூத்தம்பது உசுரு. மறுபடியும் அத என்னால உடைச்சுப் பாக்க முடியாதுங்.”

நூற்று ஐம்பத்தேழு என்று திருத்த வாயைத் திறந்தேன். ருக்மணி என் தொடையைக் கிள்ளினாள். அந்த ஒரு எண்ணைத்தான் என் வாழ்நாளில் சொல்லாமல் விழுங்கியிருக்கிறேன்.

பிறகு ஒரு கால்நடை மருத்துவரிடம் விசாரித்தேன். முதல் வாரம்தான் முக்கியம், ஏழாம் நாள் கையால் புரட்டத் தொடங்கியிருந்தாலும் ஓரளவு பிழைத்திருக்கும் என்றார். விசாரிக்காமலே இருந்திருக்கலாம்.

பிழைத்த ஏழு குஞ்சுகளைப் பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்தாள். தீபாவளி கழிந்த வாரம் வீட்டைப் பூட்டி, சாவியை என்னிடம் தந்துவிட்டு, கார்த்தியின் காரில் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பெங்களூரில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கார்த்தி நல்ல பிள்ளை. லிஃப்டில் மட்டும் அவள் கண்ணை மூடிக்கொள்கிறாளாம்.

எங்கள் குடும்பத்தில் இப்போது என் பேச்சுக்கெல்லாம் ஒரே மறுமொழிதான். ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கி வந்தால் ருக்மணி, “எத்தனை பக்கம்னு எண்ணுனீங்களா, படிச்சீங்களா?” என்பாள். கரண்ட் பில் வந்தால் பேத்தி அதையே கேட்பாள். போன வருடம் கார்த்தி மகளின் காதுகுத்தில், பந்தியில் முந்நூற்று நாற்பது இலை என்று நான் அறிவித்தேன். பந்தலின் மறுகோடியிலிருந்து சரசுவின் குரல் வந்தது: “ஏனுங்ணா, எண்ணுனீங்களா, படிச்சீங்களா?” பந்தலே சிரித்தது. அவள் தலை முழுக்க வெளுத்திருந்தது. எழுந்து, ஒரு கையால் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள். நானும் சிரித்தேன்.

பெங்களூர் போகிறவரை ஞாயிறு தோறும் சரசு எங்கள் வீட்டுக்குத்தான் மதியச் சாப்பாட்டுக்கு வருவாள். பெட்டிக்குக் காவல் இருந்த மூன்று ஞாயிறுகளில்தான் வரவில்லை. அவள் போன பிறகு நேற்றோடு முந்நூற்றுப் பதினொரு ஞாயிறு கழிந்துவிட்டது. கொரோனாவில் பஸ் ஓடாத ஞாயிறுகளைக் கழிக்க வேண்டாமா என்றாள் ருக்மணி. வேண்டாம், பஸ் இல்லாவிட்டால் நான் சைக்கிளில் போய்க் கூட்டி வந்திருப்பேன் என்றேன்.

“அறுபத்தேழு வயசுல? அவளக் கேரியர்ல வெச்சா?”

“ஆமாம்.”

அந்த முந்நூற்றுப் பதினொன்றில் சரசுவோடு உட்கார்ந்து நான் சாப்பிட்டது பதினான்கு. நூற்றுப் பன்னிரண்டாவது வரியைப் படிக்காமல் விட்டதற்கு இதுவரை ஆன செலவு, இருநூற்றுத் தொண்ணூற்றேழு ஞாயிற்றுக்கிழமைகள்.